விரல் நிற்கவில்லை: ஒரு நகமடிப்புப் பரிசோதனையின் முழு விவரம்

அந்த அக்கா கொண்டுவந்த பழைய ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: தந்துகிகள் இயல்பாக உள்ளன. அதோடு நாலு படங்களும் இருந்தன. நாலையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிலும் இதுதான் தந்துகி, அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய், என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. வெளிர்சிவப்புப் பின்னணியில் ஈரச் சாயத்தைக் கட்டைவிரலால் இழுத்துவிட்ட மாதிரி சில கறைகள், அவ்வளவுதான். எண்ணவே முடியாத ஒன்றுக்கு இயல்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்த இடத்தைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அன்றைக்கு முதல் ஒரு மணி நேரம் எனக்கும் அதே மாதிரி படங்கள்தான் கிடைத்தன.

நான் ஒரு மருத்துவமனையின் மூட்டுவாதப் பிரிவில் கேபிலரோஸ்கோபி, அதாவது விரல் நகத்தோரத் தந்துகிகளைப் பெரிதாக்கிப் படம், எடுக்கிற டெக்னீஷியன். இந்த நிகழ்வை எழுதலாமா என்று அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, ஆள் யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நான் தவறாகச் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நகம் முளைக்கிற இடத்தில், நகத்தின் அடிப்பக்கத்தை மூடினாற்போல் ஒரு தோல் மடிப்பு இருக்கிறதே, அதைத்தான் நகமடிப்பு என்கிறேன். உடம்பில் மற்ற இடங்களில் தந்துகிகள் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும், மேலிருந்து பார்த்தால் புள்ளியாகத்தான் தெரியும். நகமடிப்பின் ஓரத்தில் மட்டும் அவை தோலோடு தோலாகப் படுத்திருக்கும். கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி, ஒரு கால் மேலே போய் வளைந்து இன்னொரு காலாகத் திரும்பி வரும். தோலின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டால் மேல்தோலின் பளபளப்பு அடங்கி, உள்ளே இருப்பது தெரியும். 1911-இல் அமெரிக்காவில் லம்பார்ட் என்ற உடலியல் அறிஞர் இதைக் கண்டுபிடித்தார், இன்றைக்கும் அதே எண்ணெய்த் துளிதான். ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, கதிர்வீச்சும் இல்லை. 200 மடங்கு பெரிதாக்கும் கேமராவை விரல்மேல் வைத்துப் படம் எடுக்கிறோம். கட்டைவிரல்களை விட்டுவிட்டு எட்டு விரல்கள், விரலுக்கு நாலு படம், ஆக 32.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 200 மடங்கு என்பது விரலை மட்டுமல்ல, விரலின் அசைவையும் 200 மடங்காக்குகிறது.

அந்த அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனியில் பதினாலு வருட வேலை. ஐஸ் போட்ட இறாலை நாள் முழுக்கக் கையில் எடுத்து ஓடு உரித்துப் போட வேண்டும். இரண்டு வருடமாக விரல்கள் நிறம் மாறுகின்றன. "ஐஸ்ல கை வெச்சதும் இந்த மூணு விரலும் செத்துப்போன மாதிரி வெளுத்துரும் தம்பி, அப்புறம் நீலமாகும், வெளிய வந்து தேய்ச்சா செவந்து எரியும்" என்றார். வெள்ளை, நீலம், சிவப்பு என்ற இந்த வரிசைக்குத்தான் ரேனோ என்று பெயர். பிரான்சின் மொரிஸ் ரேனோ 1862-இல் தன் மருத்துவ ஆய்வேட்டில் எழுதியது. பெரும்பாலானோருக்கு இது வெறும் தொந்தரவாகவே இருந்துவிட்டுப் போகும், பின்னால் வேறு நோய் எதுவும் இருக்காது. சிலருக்கு மட்டும் ஸ்கிளிரோடெர்மா, அதாவது தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய், இப்படித்தான் முதலில் தலைகாட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல நகமடிப்பைப் போல எளிதாகப் பார்க்கக்கூடிய இடம் உடம்பில் வேறு இல்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் ஐஸ்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவரும் அப்படியே நினைத்திருக்கிறார். ஆறு மாதமாக விரல்கள் தடித்து வீங்கத் தொடங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் கடையில் கொடுத்து வெட்டி எடுத்த பிறகுதான் டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார்.

எங்கள் டாக்டர் கேட்டிருந்தது நேரான ஒரு கேள்வி. 2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புள்ளிக்கணக்கு ஒன்று உண்டு. 9 வந்தால் ஸ்கிளிரோடெர்மா என்று வகைப்படுத்தலாம். இவருக்கு ரேனோ இருக்கிறது, அதற்கு 3. விரல் வீக்கம், 2. ரத்தத்தில் சென்ட்ரோமியருக்கு, அதாவது குரோமோசோமின் ஒரு பகுதிக்கு, எதிரான ஆன்டிபாடி இருந்தது, அதற்கு 3. கூட்டினால் 8. நகமடிப்புத் தந்துகிகள் மாறியிருந்தால் 2, மாறவில்லை என்றால் ஒன்றுமில்லை. ஆக 8-இல் நிற்கிறதா 10-க்குப் போகிறதா என்பது அந்தப் படத்தின் கையில் இருந்தது. வகைப்படுத்தலும் நோய் நிர்ணயமும் ஒன்றல்ல, டாக்டர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார், அது சரிதான். ஆனாலும் பழைய ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்று இதிலிருந்து தெரியும்.

அன்றைக்கு நடந்தது இதுதான். காலை பத்தரைக்கு உட்கார வைத்தேன். விடியக் கருக்கலில் பஸ் ஏறியவர், வழியில் ஒரு டீ மட்டும்தான் குடித்திருந்தார். அறையில் ஏசி 18-இல் ஓடிக்கொண்டிருந்தது, மெஷின் சூடாகக்கூடாது என்று யாரோ வைத்தது, நானும் கவனிக்கவில்லை. இடது கை மோதிர விரலை மேசைமேல் வைக்கச் சொல்லி, எண்ணெய் விட்டு, கேமராவைக் கையில் பிடித்து மெதுவாக இறக்கினேன். திரையில் ஒரு நொடி கொண்டை ஊசி வரிசை வந்தது. வந்த வேகத்தில் கலைந்தது. காற்றில் ஆடும் கொடிக்கயிற்றுத் துணி மாதிரி படம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

"அசையாதீங்கக்கா" என்றேன்.

இன்னும் அதிகமாக ஆடியது.

"நான் அசைக்கவே இல்ல தம்பி, அதுவா நிக்க மாட்டேங்குது" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு தோள்பட்டையிலிருந்து விரல் நுனிவரை முழுக் கையையும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் சொன்னதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். ஆரோக்கியமான எந்தக் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 தடவை என்ற கணக்கில் ஒரு மெல்லிய நடுக்கம் எப்போதும் உண்டு. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. தசையை இறுக்கினால் கூடும், பயந்தால் கூடும், களைத்திருந்தால் கூடும். 'அசையாதே' என்ற சொல் இந்த மூன்றில் இரண்டை ஒரே நேரத்தில் தூண்டிவிடுகிறது. இத்தனை வருடமாக அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்து இன்னொரு தவறும் செய்தேன். கேமராவின் முனையை விரல்மேல் கொஞ்சம் அழுத்தினேன். உடனே படம் நின்றுவிட்டது, கல் மாதிரி நின்றது. ஆனால் திரை வெளுத்துப்போயிருந்தது, தந்துகிகளைக் காணோம். அழுத்தத்தில் ரத்தம் வெளியேறிவிட்டது. 1930-இல் லாண்டிஸ் என்பவர் மனிதரின் நகமடிப்புத் தந்துகிகளுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்தார். ரத்தம் வருகிற காலில் 32 மில்லிமீட்டர் பாதரசம், திரும்பிப் போகிற காலில் 12. அந்த 32-ஐ எடையாக மாற்றினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 43 கிராம்தான் வரும். கோழிமுட்டை ஒன்றின் எடைகூட இல்லை. அதைத் தாண்டி அழுத்தினால் பார்க்க வந்த பொருளையே துடைத்துவிடுகிறோம். விரலை நிறுத்த வேண்டும், ஆனால் விரலின் அந்த ஓரத்தைத் தொடக்கூட முடியாது, முழுச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பதினொன்றரைக்கு நிறுத்திவிட்டேன். அக்காவைக் கேன்டீனுக்கு அனுப்பி இட்லி சாப்பிட்டு வரச் சொன்னேன். அந்த நேரத்தில், எடுத்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். எங்கள் கேமராவில் திரையின் அகலம் விரலில் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 850 பிக்சல். வீடியோவின் ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி இருந்தது, அதை அடையாளமாக வைத்துக்கொண்டு எந்த ஃபிரேமில் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை பழைய இடத்துக்குத் திரும்பியது. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது நொடிக்கு 10 ஆட்டம், அசல் கை நடுக்கத்தின் கணக்கு. மூச்சினால் வரும் அசைவாக இருந்தால் நாலைந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், நாடித்துடிப்பாக இருந்தால் நொடிக்கு ஒன்றோ ஒன்றேகாலோ. இந்த மூன்றையும் இப்படிப் பிரிக்கத் தெரிந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பாதி புரிந்துவிடும்.

புள்ளி ஓடிய தூரம் 85 பிக்சல். விரலில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, 100 மைக்ரான். சொன்னால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நல்ல நகமடிப்பில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்பது பத்து தந்துகிகள் நிற்கும், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 100 மைக்ரான் சொச்சம்தான். வெளிச்சம் குறைவாக இருந்ததால் கேமரா தானாகவே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 33 மில்லிநொடி திறந்திருந்தது. அந்த நேரத்துக்குள் விரல் 80 மைக்ரானுக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரு தந்துகி பக்கத்துத் தந்துகியின்மேல் தேய்க்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு கறையாகிறது. பழைய ரிப்போர்ட்டில் பார்த்த அதே கறை. தந்துகிக்குள் ரத்தம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் ஓடும், இங்கே விரல் அதன் மூன்று மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இது ஒரு பக்கத் தவறை மட்டும் உண்டாக்குவதில்லை. எண்ண முடியாமல் போகும்போது நோயைத் தவறவிடலாம். மாறாக, 15 மைக்ரான் அகலமுள்ள நல்ல தந்துகி அசைவில் இழுபட்டு 60 மைக்ரானாகத் தெரிந்தால், 50 மைக்ரானைத் தாண்டிய ராட்சதத் தந்துகி என்று எழுதி, இல்லாத நோயை ஒருவர் தலையில் கட்டிவிடலாம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் காலையில் எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படித்தான் அளந்தார். நான் அவரிடம் சொன்னது: ஓரத்தைப் பார், உண்மையிலேயே பெருத்த தந்துகிக்கு இரண்டு ஓரமும் கூர்மையாக இருக்கும், பக்கத்தில் இருப்பது மெல்லியதாக இருக்கலாம். அசைவு என்றால் எல்லாத் தந்துகியும் ஒரே திசையில், ஒரே அளவுக்குத் தடித்திருக்கும், எண்ணெயில் மிதக்கும் தூசிகூட அதே திசையில் நீண்டிருக்கும்.

அப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆடுவது விரல் மட்டும்தானா? ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேசைமேல் வைத்தேன். அரை மில்லிமீட்டர் கோடுகள், திரையில் மூன்று தெரிந்தன. கேமராவைக் காலையில் பிடித்த அதே மாதிரி கையில் பிடித்துப் பதிவு செய்தேன். ஸ்கேலுக்கு நடுக்கம் கிடையாது, பயம் கிடையாது. ஆனால் கோடு 40 பிக்சல் ஆடியது. அந்த நாற்பதும் என் கை. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி மறுபடி எடுத்தேன், இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது, ஏசி கம்பிரசர் ஓடத் தொடங்கும்போது மட்டும் ஒரு சின்ன அதிர்வு. ஆக காலை முழுக்க இரண்டு பேருடைய நடுக்கம் சேர்ந்து திரையில் வந்திருக்கிறது, நான் ஒருவரிடம் மட்டும் அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஸ்கேல் சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். நோயாளியின் விரலைக் குறைசொல்லும் முன் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அக்கா சாப்பிட்டு வந்ததும் உட்காரவைத்துப் பேசினேன். வேறு மாத்திரை மருந்து உண்டா என்று இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். இளைப்பு வருமாம், காலையில் பஸ்ஸிலும் இரண்டு தடவை இழுத்திருக்கிறார். சால்பியூட்டமால். கை நடுக்கத்தை உண்டாக்கும் மருந்துகளில் எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் வேலை நமக்கில்லை, மூச்சு முதலில், படம் அப்புறம். இழுத்துச் சில மணி நேரம் கழித்து எடுக்கிற மாதிரி நேரத்தைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏசியை 24-க்கு ஏற்றி, இருபது நிமிடம் சும்மா உட்காரச் சொன்னேன். ரேனோ உள்ளவரைக் குளிரில் உட்கார வைத்தால் விரல் வெளுத்துத் தந்துகிகள் காலியாகிவிடும், குளிரில் உடம்பு நடுங்கவும் செய்யும், இரண்டும் சேர்ந்தால் படம் எப்படி வரும்? நாற்காலியின் உயரத்தைக் கூட்டினேன், கை இதயத்தின் மட்டத்துக்கு வந்தது. அதுவரை முழங்கை மேசைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு விரல். அவருடைய விரல்கள் வீக்கத்தால் முழுதாக நீளவில்லை, நடு மூட்டு கொஞ்சம் மடங்கியே நின்றது. மேசைமேல் வைத்தால் நுனி மட்டும் தொடுகிறது, நடுவில் ஒரு கட்டைவிரல் நுழைகிற அளவு இடைவெளி. தூண் இல்லாத பாலம் மாதிரி அந்தரத்தில் நிற்கிற விரல் ஆடாமல் என்ன செய்யும்? கடையில் விற்கும் பிளாஸ்டிக் விரல்தாங்கி ஒன்று எங்களிடம் உண்டு, நேரான விரலுக்குச் செய்தது, இவருக்கு அதில் பொருந்தவே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் விளையாடுகிற கலர் களிமண் டப்பா ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். ஒரு உருண்டையை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, விரலுக்கு அடியில் வைத்து, அவருடைய விரலை நானே மெதுவாக அதில் பதித்தேன். விரலின் வளைவுக்குத் தக்கபடி அடியிலும் இரண்டு பக்கத்திலும் களிமண் ஏறி நின்றது, நகமும் நகமடிப்பும் மட்டும் மேலே திறந்திருந்தன. நுனியை அரை விரற்கடை உயர்த்தினதும் நகமடிப்பு கேமராவுக்கு நேராக வந்தது, இல்லாவிட்டால் ஒரு பாதி ஃபோக்கஸில் இருக்கும்போது மறுபாதி மங்கும். மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் அடியில் ஒன்றரைக் கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பை. மணலைவிட அரிசி நல்லது, கையின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்கும், தூசி வராது.

நடு எலும்புக்குமேல் பேப்பர் டேப் ஒன்றையும் ஒட்டிப் பார்த்தேன். அசைவு குறைந்தது, ஆனால் ஒரு நிமிடத்தில் ரத்தம் திரும்பிப் போகிற கால்கள் புடைத்து, ஓட்டம் மந்தமாவது திரையிலேயே தெரிந்தது. உடனே பிரித்துவிட்டேன். அளக்க வந்ததையே மாற்றிவிடுகிற எந்தக் கட்டும் வேண்டாம்.

எண்ணெய் விடும்போது அக்கா கேட்டார், "தேங்காய் எண்ணெய் போட்டா ஆகாதா தம்பி, இது என்ன எண்ணெய்?" நல்ல கேள்வி. எந்தத் தெளிவான எண்ணெயும் ஓரளவு வேலை செய்யும்தான், ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். எங்கள் அறைச் சூடு அதே கோட்டில் நிற்பதால், விரல்மேலேயே பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிடும். நுண்ணோக்கிக்கு விடுகிற எண்ணெய்தான் நமக்குச் சரி. இப்படிப் பேசிக்கொண்டிருந்ததில் அவருடைய தோள் இறங்கியிருந்தது. இந்தத் தடவை அசையாதீங்க என்று சொல்லவில்லை. "கையை அந்தப் பையில போட்டுட்டு மறந்துடுங்கக்கா. தூக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். நான் சொல்றப்ப மூச்சை வெளிய விட்டுட்டு ரெண்டு நொடி சும்மா இருங்க" என்றேன்.

கேமரா ஸ்டாண்டில், முனை எண்ணெயை மட்டும் தொடுகிற உயரத்தில். எல்.இ.டி. வெளிச்சத்தைக் கூட்டி, திறந்திருக்கும் நேரத்தைக் கைமுறையாக 8 மில்லிநொடிக்குக் குறைத்தேன். காலையில் இருந்த அதே நடுக்கம் இருந்தாலும் இந்த நேரத்துக்குள் 25 மைக்ரான்தான் இழுபடும். வீடியோவைப் பிறகு மென்பொருளில் போட்டு நிலைப்படுத்திக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் படம் தாவுவதை அது சரிசெய்யும், ஒரே ஃபிரேமுக்குள் இழுபட்டதை அது பிரித்துத் தராது. எடுக்கும்போதே நிற்க வேண்டும்.

நின்றது. புள்ளியை மறுபடி எண்ணினேன், 85 இருந்த இடத்தில் 9 பிக்சல். மிச்சம் இருந்தது நாடித்துடிப்பு, நொடிக்கு ஒன்றேகால் தடவை மெல்ல எழும்பி அமர்ந்தது. அதை நிறுத்தக்கூடாது, நிறுத்தவும் வேண்டாம், இரண்டு துடிப்புக்கு நடுவில் எடுத்தால் போதும்.

இடது மோதிர விரல் திரையில் வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து தந்துகிகள். 7 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இயல்பு. அந்த ஐந்தில் இரண்டு, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி உப்பி நின்றன, அகலம் 70 மைக்ரானுக்கு மேல், இரண்டு ஓரமும் கத்தி வைத்து வெட்டின மாதிரி கூர்மை. பக்கத்திலேயே மெல்லிய தந்துகி ஒன்று மெல்லியதாகவே இருந்தது, அதனால் இது அசைவு இல்லை என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. காலையில் நான் அடையாளத்துக்கு வைத்துக்கொண்ட கறுப்புப் புள்ளி அழுக்கல்ல, தந்துகியிலிருந்து கசிந்து உறைந்த ரத்தத் துளி. வலது நடுவிரலில் அப்படி ஒன்றன் மேல் ஒன்றாக நாலு, நகம் வளர வளர முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டே வந்தவை. சுண்டு விரல்களிலும் ராட்சதத் தந்துகிகள் இருந்தன. ஆள்காட்டி விரல்கள் இரண்டும் எவ்வளவு முயன்றும் தெளியவில்லை, வருடக்கணக்காக இறால் ஓடு குத்தித் தோல் தடித்துவிட்டது. அவற்றைக் கணக்கிட இயலவில்லை என்றே எழுதினேன். முடியாததை முடியாதது என்று எழுதுவதும் ரிப்போர்ட்தான்.

விதி எளிது. எண்ணிக்கை 7-க்குக் குறையாமல் இருந்து ராட்சதமும் இல்லை என்றால் ஸ்கிளிரோடெர்மா வடிவம் இல்லை. ஒரு ராட்சதத் தந்துகி உறுதியாக இருந்தால் உண்டு. ராட்சதம் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை 3-க்கு இறங்கி, மிச்சமிருப்பவையும் தாறுமாறாக இருந்தால் அப்போதும் உண்டு. இவருக்கு உறுதி. 8-உடன் 2 சேர்ந்து 10 ஆனது. டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் நுரையீரல் பரிசோதனைகளும் எழுதினார். அந்த இளைப்பு வெறும் இளைப்புதானா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. ரேனோவுக்கு நிஃபெடிபின் என்ற, ரத்தக் குழாயை விரிக்கும் மருந்தைத் தொடங்கினார். ஐஸ் வேலையை விட்டாக வேண்டும் என்று கம்பெனிக்குக் கடிதமும் கொடுத்தார்.

இந்த விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தேவை ஒரு தெளிவான ஃபிரேம்தான், அரை நொடி நின்றாலே பிடித்துவிடலாம். இதே நகமடிப்பை வீடியோவாக எடுத்து, ஊசியே இல்லாமல் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டனவா என்று சொல்ல முடியுமா என்றும் பார்க்கிறார்கள், கீமோதெரபி எடுப்பவர்களுக்காக. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் அப்படி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நீல ஒளியைச் சிவப்பணு விழுங்கும், வெள்ளணு விழுங்காது, அதனால் வெள்ளணு போகும்போது தந்துகிக்குள் ஒரு வெள்ளை இடைவெளி நகர்வது தெரியும், அதை எண்ணுகிறார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 500-க்குக் கீழே போய்விட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. அங்கே விரல் ஒரு நிமிடம் முழுக்க ஒரே தந்துகியின்மேல் நிற்க வேண்டும். கீமோ எடுத்துக் களைத்துப்போன ஒருவரின் விரல். அந்தக் கருவி ஊர் ஊருக்கு வரும் நாளில், கேமராவைவிட விரலைத் தாங்குகிற அந்தத் தொட்டில்தான் முக்கியமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆறு மாதம் கழித்து அக்கா மறுபடி வந்தார். கம்பெனியில் எடை போடும் பக்கம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கையில் ஐஸ் படுவதில்லை. நுரையீரல் படத்தில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார், வருடா வருடம் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல்களின் தோல் இளகியிருந்தது, முதல் தடவையாக அவற்றிலும் தந்துகிகளைப் பார்த்தோம், ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு. போன தடவையின் களிமண் அச்சுகளை விரலின் பெயர் எழுதிய டப்பாக்களில் போட்டு வைத்திருந்தேன், அதே விரல் அதே கோணத்தில் உட்கார வேண்டும் என்று. வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்ததால் மோதிர விரல் அச்சுக்குள் தளர்வாக உட்கார்ந்தது. அவர் அதை நுனிவரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எளச்சிருக்கு தம்பி" என்றார். புது உருண்டை பிசைந்து அடியில் வைத்தேன்.